குண்டுவீச்சில் லண்டன் நின்றது, ரங்கூன் காலியானது: காரணம் துணிச்சலா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
சேலத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் முதல் எட்டு மாதம் ஜெர்மன் குண்டு விழுந்தும் லண்டன் இயங்கியது. 1941 டிசம்பர் 23, 25 ஜப்பானியத் தாக்குதல்களோடு பர்மாவின் ரங்கூன் துறைமுகம் முடங்கியது, லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். "ஆங்கிலேயரின் மனத்திடம்" என்று பாடம் நடத்த மனம் ஒப்பவில்லை. உண்மையான காரணம் என்ன?

செவ்வாய்ப்பேட்டை:
ஒப்பவே வேண்டாம், சார். ரங்கூனில் பதுங்க இடம் போதவில்லை. தெருவில் நின்று விமானத்தை வேடிக்கை பார்த்தவர்களே ஏராளமாகச் செத்தார்கள். கடைகள் அடைத்தன. தரைவழியாக ஜப்பானியப் படையும் வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச் 8-ல் நகரம் விழுந்தது. இந்த நிலையில் கிளம்பியது கோழைத்தனம் ஆகாது, சரியான கணக்கு.

லண்டனில் வருமானம் குறைந்த வீடுகளுக்கு ஆண்டர்சன் பதுங்குகுழி இலவசம். வளைந்த நெளிதகடுகளை போல்ட் போட்டு இணைத்து, நாலடி ஆழத்தில் இறக்கி, மேலே 15 அங்குலம் மண் போடுவார்கள். ஆறு பேர் உட்காரலாம். நேராக விழும் குண்டை அது தாங்காது. சிதறலையும் அதிர்வையும் தடுக்கும். அதன் பெரிய குறை, தண்ணீர் ஊறுவது. ஈரத்தில் தூக்கம் வராமல் பலர் வீட்டுக்குள்ளேயே படுத்தார்கள். நம் ஊரில் இப்படிக் குழி தோண்டினால் பல இடங்களில் நாலடிக்குள் பாறை தட்டிவிடும் என்று சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

ஏற்காடு அடிவாரம்:
லண்டனும் எல்லா இடத்திலும் தாங்கவில்லை. கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் வீடிழந்தவர்களை ஒரு பள்ளியில் தங்கவைத்தார்கள். கூட்டிப்போக வேண்டிய பேருந்துகள் வரவில்லை. 1940 செப்டம்பர் 10 அதிகாலை அதன்மேல் குண்டு விழுந்தது; அரசுக் கணக்கில் 77 பேர் பலி. அந்த வட்டாரத்தின் கோபம் குண்டு போட்டவன்மேல் மட்டும் இல்லை, நிர்வாகத்தின்மேலும்தான்.

இங்கிலாந்தின் பிளிமத், ஹல் நகரங்களில் மக்கள் இரவு கிராமங்களுக்குப் போய்ப் படுத்துவிட்டுக் காலையில் வேலைக்குத் திரும்பினார்கள். சேலத்தில் வேலை, ராத்திரி ஏற்காட்டில் படுக்கை என்பது போல. அதிகாரிகள் சிலர் இதை மன உறுதி குலைந்ததன் அடையாளமாகப் பார்த்தார்கள். மறுநாள் வேலைக்கு வந்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்வது அநியாயம். அவர்கள் தேடியது தூக்கம்.

செவ்வாய்ப்பேட்டை:
சென்னையையும் சேருங்கள். 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பு, 6-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா தாக்கப்பட்டன. அரசே அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றத் தொடங்கியதும் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். சென்னைமேல் ஜப்பானிய விமானம் குண்டு போட்டது 1943 அக்டோபரில்தான்.