கோரை ஒதுக்கியும் பாக்கெட் டிராப்: டிபிடிகேவில் எங்கே பார்ப்பது?

கேள்வி:
இரண்டு சாக்கெட் சர்வர். சாக்கெட்டுக்கு 16 கோர், ஹைப்பர்திரெடிங் ஆனில் இருக்கிறது. 10 கிகாபிட் கார்டு ஒன்று. டிபிடிகேவில் (கெர்னலைத் தாண்டி கார்டிலிருந்து நேரடியாகப் பாக்கெட் எடுக்கும் லைப்ரரி) எழுதிய ஃபார்வர்டர் 64 பைட் பாக்கெட்டை வாங்கி, ஹெட்டரைப் பார்த்து, திருப்பி அனுப்பும். வேறு வேலை கிடையாது. கோர் 2, 3, 34, 35 நான்கையும் ஐசோல்சிபியூஸில் (மற்ற ப்ராசஸ் வராமல் கோரை ஒதுக்கும் கெர்னல் ஆப்ஷன்) ஒதுக்கிவிட்டேன். 2 எம்பி ஹியூஜ் பேஜ் (பெரிய மெமரிப் பக்கம்) 1024 பூட்டிலேயே கேட்டிருக்கிறேன். அப்படியும் விநாடிக்கு 90 லட்சம் பாக்கெட்டைத் தாண்டினால் டிராப் ஆகிறது. ஐமிஸ்டு (ரிங் நிரம்பியதால் கார்டு விட்டுவிட்ட பாக்கெட் எண்ணிக்கை) ஏறுகிறது, ஆர்எக்ஸ்_நோஎம்பஃப் (பஃபர் கிடைக்காமல் போன எண்ணிக்கை) பூஜ்யத்திலேயே நிற்கிறது. ரிங்கை (வந்த பாக்கெட்டுகள் கோருக்காகக் காத்திருக்கும் வரிசை) 4096 ஆக்கியும் பயனில்லை. இன்னும் கோர் சேர்க்கட்டுமா?

பதில் 1:
டெஸ்ட் டிராஃபிக் ஒரே ஃப்ளோவா? ஐபியும் போர்ட்டும் மாறாமல் அனுப்பினால் ஆர்எஸ்எஸ் (பாக்கெட்டுகளைக் க்யூக்களுக்குப் பிரித்துவிடும் கார்டு வசதி) எல்லாவற்றையும் ஒரே க்யூவில்தான் கொட்டும், மற்ற கோர்கள் சும்மா சுற்றும். சிபியூ கவர்னர் (கோரின் வேகத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) பெர்ஃபார்மன்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
சோர்ஸ் ஐபி, போர்ட் இரண்டும் மாறுகின்றன. நான்கு க்யூவிலும் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். கவர்னரும் பெர்ஃபார்மன்ஸ்தான்.

பதில் 2:
கோர் சேர்க்காதீர்கள். முதலில் கார்டு எந்த சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். கோரும் மெமரியும் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும். சிஸ் கோப்பு அமைப்பில் கார்டின் டிவைஸ் ஃபோல்டருக்குள் நூமா_நோட் என்ற கோப்பு இருக்கும், கார்டு எந்த சாக்கெட்டின் பக்கம் (நோட்) என்பதை அது சொல்லும். அதில் 1 என்று இருந்தால் உங்கள் நான்கு கோரும் தப்பான பக்கத்தில் இருக்கின்றன.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 10 கிகாபிட்டில் 64 பைட் பாக்கெட் என்றால் விநாடிக்கு 1.488 கோடி, அதாவது 67.2 நானோசெகண்டுக்கு ஒன்று. 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது சுமார் 200 சைக்கிள். அடுத்த சாக்கெட்டின் மெமரியைத் தொட்டுவிட்டு வர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நான்கு க்யூ இருப்பதால்தான் 90 லட்சம் வரையாவது தாங்கியிருக்கிறது.

ஐமிஸ்டு மட்டும் ஏறுவதும் இதையேதான் சொல்கிறது. பஃபர் தீரவில்லை, கோர் எடுக்க வருவதற்குள் ரிங் நிரம்பிவிடுகிறது. ரிங்கைப் பெரிதாக்கினால் திடீர் நெரிசலைத் தாங்கலாம். தொடர்ந்து பின்தங்கும் கோருக்கு அது உதவாது.

இன்னொன்று, உங்கள் எண்களைப் பார்த்தால் 2-ம் 34-ம் ஒரே கோரின் இரண்டு திரெட் போலத் தெரிகிறது. திரெட்_சிப்ளிங்ஸ்_லிஸ்ட் கோப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாக்கெட் வந்ததா என்று ஓயாமல் போல் செய்யும் இரண்டு லூப்பை ஒரே கோரில் வைத்தால் இரண்டுமே மெதுவாகும்.

கேட்டவர்:
நூமா நோட் 1 தான்! 2-ம் 34-ம் ஜோடி என்பதும் சரி. வொர்க்கர்களை 18 முதல் 21-க்கு மாற்றினேன், கன்ட்ரோல் வேலைக்கு மெயின் கோராக 0. இப்போது 1.2 கோடி வரை போகிறது, அப்புறம் மறுபடி டிராப்.

பதில் 2:
மெம்பூலை (பாக்கெட் பஃபர்களின் தொகுப்பு) உருவாக்குவது மெயின் கோர் தானே? அந்த இடத்தில் சாக்கெட் எண்ணுக்கு ஆர்டிஇ_சாக்கெட்_ஐடி கொடுத்திருந்தால் அது ஓடுகிற கோரின் சாக்கெட்டைத் தரும், அதாவது 0. கோர்கள் இடம் மாறினாலும் பஃபர் எல்லாம் பழைய பக்கத்திலேயே இருக்கும். ஆர்டிஇ_எத்_டெவ்_சாக்கெட்_ஐடியில் போர்ட் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். ஆர்எக்ஸ், டிஎக்ஸ் க்யூ அமைக்கும் இடத்திலும் அதே.

பூட்டில் கேட்ட 1024 பேஜை கெர்னல் இரண்டு நோடுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கும். நோட் 1-ல் 1 ஜிபிதான் இருக்கும். இந்த ஃபார்வர்டருக்கு அது போதும். பூல் பெரிதானால் நோட் 1-க்கென்று தனியாக ஒதுக்குங்கள்.

கேட்டவர்:
அதேதான். முழு லைன் ரேட்டில் இரவு முழுக்க ஓடவிட்டேன், மொத்தமே சில நூறு டிராப். அது எங்கிருந்து வருகிறது?

பதில் 3:
ஐசோல்சிபியூஸ் மற்ற ப்ராசஸ்களைத்தான் தள்ளிவைக்கும், டைமர் டிக் வந்துகொண்டே இருக்கும். இப்போதைய நான்கு வொர்க்கர் கோரையும் நோஹெர்ட்ஸ்_ஃபுல் (டிக்கைக் குறைப்பது), ஆர்சியூ_நோசிபிஎஸ் (கெர்னலின் ஆர்சியூ வேலையை வேறு கோருக்குத் தள்ளுவது) இரண்டிலும் சேருங்கள். இன்டரப்டைக் கோர்களுக்குப் பகிரும் ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்திவிட்டு, ப்ரோக் இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்தக் கோர்களின் எண் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் எந்த டிவைஸ் என்று அந்த வரியின் கடைசியிலேயே இருக்கும்.