ஃபைண்ட் கட்டளை 'பர்மிஷன் டினைட்' என்று சொல்கிறது; ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். சிறு பதிப்பகம் ஒன்றில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேமிக்கும் பணியில் இருக்கிறேன். உபுண்டு சர்வரில் /தரவு/பக்கங்கள் என்ற கோப்புறைக்குள் நூலுக்கு ஒரு கோப்புறை உண்டு. அன்றன்று மாறிய படங்களைத் தேடி எடுத்து, டார் கோப்பாகக் கட்டி, இரண்டாம் வட்டுக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று, 'காப்பு' என்ற பயனர் கணக்கின் பெயரில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் வழியாக ஒவ்வோர் இரவும் ஓடுகிறது. தேடும் வரி இது:

ஃபைண்ட் /தரவு/பக்கங்கள் -நேம் *.டிஃப் -எம்டைம் -1

இதன் வெளியீடு பைப் வழியாக டார் கட்டளைக்குப் போகிறது. ஸ்கிரிப்டின் தலைப்பில், பிழை வந்தால் ஓட்டத்தை நிறுத்தும் செட் -இ, பைப்பின் எந்தப் பகுதி தவறினாலும் அதைப் பிழையாகக் கொள்ளும் பைப்ஃபெயில் இரண்டையும் வைத்திருக்கிறேன். இரண்டு வாரங்களாக டார் கோப்பு உருவாகிறது. ஆனால் இரண்டாம் வட்டுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. லாகில் மூன்று கோப்புறைகளின் பெயரோடு 'பர்மிஷன் டினைட்' என்று மட்டும் இருக்கிறது.

அனுமதிதான் சிக்கல் என்று எண்ணி, நேற்று சூடோ போட்டு (அதாவது நிர்வாகி உரிமையோடு), முழுக் கோப்புறைக்கும் அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் -ஆர் 644 கொடுத்தேன். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. எல்எஸ் -எல் கொடுத்தால் கோப்புகளின் பெயர் தெரிகிறது, ஆனால் அளவு, தேதி, உரிமையாளர் இருக்க வேண்டிய இடங்களில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வருகின்றன. கோப்புகள் அழிந்துவிட்டனவா என்று அஞ்சுகிறேன். வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வரியின் முடிவில் 2>/டெவ்/நல் என்று சேர்த்துவிடுங்கள், பிழைச் செய்தி வராது. எங்கள் சர்வரில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

மறுமொழி 2

முதலில் அச்சத்தை நீக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. ஒரு கோப்புறைக்கு வாசிப்பு அனுமதி இருந்தால் அதற்குள் இருக்கும் பெயர்களை அறியலாம். இயக்க அனுமதி இருந்தால்தான் அதற்குள் நுழைந்து அந்தப் பெயருக்குரிய கோப்பைத் தொட முடியும். 644 என்பதில் இயக்க அனுமதி யாருக்கும் இல்லை. அதனால் பெயர் தெரிகிறது, மற்ற விவரம் எதுவும் கிடைக்காமல் கேள்விக்குறி வருகிறது. கோப்புக்குப் பொருத்தமான எண்ணைக் கோப்புறைக்கும் சேர்த்துக் கொடுத்ததே காரணம். இதைச் சரிசெய்ய, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 கொடுக்கச் சொல்லி யாராவது அறிவுறுத்தினால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உங்கள் மூலப் படங்களை அழிக்க அது வழிவிடும். சூடோவோடு சிஹெச்மாட் -ஆர் கொடுத்து, அனுமதியை யூ=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஜி=ஆர்எக்ஸ்,ஓ= என்று எழுதுங்கள்; இதில் எக்ஸ் இரண்டு இடத்திலும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். பெரிய எக்ஸ் கோப்புறைகளுக்கு இயக்க அனுமதியைத் தரும். சாதாரணப் படக்கோப்புகளை அந்த வகையில் தொடாது.

முந்தைய மறுமொழியை நான் ஏற்க மாட்டேன். 2>/டெவ்/நல் பிழைச் செய்தியை மறைக்குமே தவிர, பிழையைப் போக்காது. நுழைய முடியாத கோப்புறை ஒன்று இருந்தாலே ஃபைண்ட் தன் வேலை முடிவில் சுழியம் அல்லாத எண்ணைத்தான் திருப்பும். பைப்ஃபெயில் இருப்பதால் அந்த எண் முழுப் பைப்புக்கும் உரியதாகிறது. செட் -இ உடனே ஸ்கிரிப்டை நிறுத்திவிடுகிறது. டார் தனக்கு வந்த பெயர்களை வைத்துக் கோப்பைக் கட்டி முடித்த பிறகு, நகலெடுக்கும் வரிக்கு முன்னால் எல்லாம் நின்றுபோவது இதனால்தான். உங்கள் ஸ்கிரிப்ட் நின்றது நன்மையே. நிற்காமல் ஓடியிருந்தால், அந்த மூன்று நூல்களும் இல்லாத நகலை முழு நகல் என்று நம்பியிருப்பீர்கள்.

எந்தக் கோப்புறைகளில் தடை என்பதைக் காப்புக் கணக்கின் கண்ணால் பார்க்க வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே சூடோ -யூ காப்பு என்று தொடங்கி இதைக் கொடுங்கள்:

ஃபைண்ட் /தரவு/பக்கங்கள் -டைப் டி \( ! -ரீடபிள் -ஓ ! -எக்ஸிக்யூடபிள் \) -பிரிண்ட் -ப்ரூன்

வாசிக்கவோ நுழையவோ முடியாத கோப்புறைகளை மட்டும் இது பட்டியலிடும். பிறகு அவற்றில் ஒன்றின் முழுப் பாதையை நேம்ஐ -எல் கட்டளைக்குக் கொடுத்தால், வேரிலிருந்து ஒவ்வொரு படியின் உரிமையாளர், குழு, அனுமதி மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கடைசிப் படி சரியாக இருந்து, நடுவில் ஒரு படி அடைபட்டிருப்பது அடிக்கடி நேரும்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு, தேடும் வரியிலேயே வேறு இரண்டு குறைகள் இருப்பதைக் கவனியுங்கள்.

*.டிஃப் என்பதை மேற்கோள் குறிக்குள் இடவில்லை. நீங்கள் நிற்கும் கோப்புறையில் டிஃப் கோப்பு எதுவும் இல்லாதவரை அது அப்படியே ஃபைண்டிடம் போய்ச் சேரும். இரண்டு கோப்புகள் இருந்தால், கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் அதை இரண்டு பெயர்களாக விரித்துவிடும். ஃபைண்ட் பிழை சொல்லி நின்றுவிடும். ஒரே ஒரு கோப்பு இருந்தால்தான் பெரிய ஆபத்து: எந்தப் பிழையும் வராது, அந்தப் பெயருள்ள கோப்பை மட்டும் தேடிவிட்டு அமைதியாக முடிந்துவிடும்.

அடுத்தது -எம்டைம் -1. இது கடந்த 24 மணி நேரத்தில் மாறியவற்றை மட்டும் எடுக்கும். ஓர் இரவு ஸ்கிரிப்ட் தவறினால், அன்றைய பக்கங்களை அடுத்த இரவு எடுக்காது. அவை எந்த நகலிலும் சேராமலே போகும். இதற்குப் பதிலாக அடையாளக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, -சிநியூவர் கொடுத்து அதைவிடப் புதியவற்றைத் தேடுங்கள். ஓட்டம் தொடங்கும்போது புதிய அடையாளக் கோப்பை வேறு பெயரில் உருவாக்கி, நகல் இரண்டாம் வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே பழையதன் இடத்துக்கு மாற்றுங்கள். இப்போதைக்கு டச் -டி கொடுத்து, அடையாளக் கோப்புக்கு மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியை இடுங்கள். சிஹெச்மாட் ஓட்டியதில் எல்லாக் கோப்புகளின் நிலைமாற்ற நேரமும் (-சிநியூவர் பார்ப்பது இதைத்தான்) புதிதாகிவிட்டதால், முதல் ஓட்டத்திலேயே அத்தனை படங்களும் நகலாகிவிடும். விடுபட்ட இரண்டு வாரமும் அதில் அடங்கும்.

கோப்புப் பெயர்களில் இடைவெளி இருந்தால் -பிரிண்ட்0 கொடுத்து, டார் பக்கத்தில் --நல் -டி - என்று எழுதுங்கள். இங்கே டி பெரிய எழுத்து.

கேட்டவர்

மிக்க நன்றி. பெரிய எக்ஸ் கொடுத்தவுடன் கேள்விக்குறிகள் மறைந்து, 'பக்கம் 012.டிஃப்' என்று எல்லாப் படங்களும் அளவோடும் தேதியோடும் வந்தன. அந்த மூன்று கோப்புறைகளை ஸ்கேனர் பயனர் புதிதாக உருவாக்கியிருக்கிறார். குழுவும் அவருடைய சொந்தக் குழுவாகவே இருந்தது. காப்புக் கணக்கைப் பொதுக் குழுவில் சேர்த்து, எல்லாக் கோப்புறைகளையும் அந்தக் குழுவுக்கு மாற்றிய பிறகு, ஸ்கிரிப்ட் முழுமையாக ஓடியது. ஆனால் இன்று காலை ஸ்கேனர் உருவாக்கிய புதிய கோப்புறை மீண்டும் 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) என்றே வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் கையால் மாற்றவேண்டுமா?

மறுமொழி 2

வேண்டியதில்லை. புதியவற்றுக்கு எந்த அனுமதிகளைத் தரக்கூடாது என்று சொல்லும் யூமாஸ்க், ஸ்கேனர் பயனருக்கு 077 என்று இருக்கக்கூடும். கோப்புறைகளுக்குச் சிஹெச்மாட் ஜி+எஸ் கொடுத்தால் புதியவை பொதுக் குழுவையே பெறும், ஆனால் அனுமதி மட்டும் யூமாஸ்க் சொன்னபடிதான் இருக்கும். அதனால் கூடுதல் அனுமதிகளை அமைக்கும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் -ஆர் -டி -எம் சேர்த்து, அந்தக் குழுவுக்கு வாசிப்பும் நுழைவும் இயல்பு அனுமதியாகக் கொடுங்கள். -ஆர் பெரிய எழுத்தாக இருந்தால்தான் இப்போதுள்ள உட்கோப்புறைகளுக்கும் அது போய்ச் சேரும். இயல்பு அனுமதி இருக்கும் இடத்தில் யூமாஸ்க் கணக்கில் வராது. ஸ்கேனர் மென்பொருள் தானே சிஹெச்மாட் செய்தால் இது பயன்படாது. நாளை ஒரு புதிய கோப்புறை உருவானதும் அந்த அனுமதிகளைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கொடுத்து, வந்ததை இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கேட்டவர்

புதிய கோப்புறையில் குழுவுக்கு ஆர்-எக்ஸ் வந்திருக்கிறது. மேலே தாங்கள் கொடுத்த தேடலைக் காப்புக் கணக்கில் ஓட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை.