டிக்ஸ்ல வளைவு போட்டா நடுவுல முட்டி மாதிரி மடங்குது, என்ன பண்றது?

கேள்வி:
லேடெக்ல (ஆவணம் தயாரிக்கிற மென்பொருள்) ஒரு படம் வேணும், அஞ்சு புள்ளி வழியா வழுவழுன்னு ஒரே கோடு, அவ்ளோதான். அதுக்குள்ள படம் வரையற டிக்ஸ் (TikZ) தொகுப்புல கன்ட்ரோல்ஸ், அதாவது கோட்டை தன் பக்கம் இழுக்கிற புள்ளிங்க, குடுத்து ஒவ்வொரு துண்டா வரையறேன். (1,2)ல இருந்து (3,1.5)க்கு வர்ற துண்டுக்கு கடைசி கன்ட்ரோல் (2,2), அடுத்த துண்டுக்கு முதல் கன்ட்ரோல் (3.5,2). அந்த (3,1.5) கிட்ட மட்டும் முழங்கை மாதிரி மடங்கி நிக்குது. ரெண்டு நாளா நம்பரை மாத்தி மாத்தி பார்த்துட்டேன், ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் கெடுது.

பதில் 1:
மடங்கத்தான் செய்யும். (2,2)ல இருந்து (3,1.5)க்கு கோடு இறங்கி வருது, நீங்க அடுத்த கன்ட்ரோலை (3.5,2)ல வச்சு அதை மேல கிளப்பி விடறீங்க. முன்னாடி கன்ட்ரோல், புள்ளி, பின்னாடி கன்ட்ரோல் மூணும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், புள்ளி நடுவுல. ஒண்ணு வலது போனா அரை கீழ, அதே சாய்வுல (3.5,1.25) வைங்க, முட்டி போயிடும்.

பதில் 2:
கையால எதுக்கு கஷ்டப்படணும், டிக்ஸோட ப்ளாட் கட்டளைல ஸ்மூத் ஆப்ஷன் இருக்கே. ஆனா அது ஒவ்வொரு புள்ளியிலயும் பக்கத்து ரெண்டு புள்ளியை இணைக்கிற கோட்டுக்கு இணையா மட்டும்தான் திசை வைக்கும், அதனால சில நேரம் தொப்பை போட்ட மாதிரி இருக்கும். எனக்கு பிடிச்சது டிக்ஸோட சேர்த்து ஏத்திக்கிற ஹாபி லைப்ரரிதான். லோட் பண்ணிட்டு டிரா கட்டளைல யூஸ் ஹாபி ஷார்ட்கட்னு போட்டு, புள்ளிங்களுக்கு நடுவுல ரெண்டு டாட் வச்சா போதும், கன்ட்ரோல் எல்லாம் அதுவே கணக்கு போட்டுக்கும். மெட்டாபோஸ்ட்ங்கிற படம் வரையற மொழியை உருவாக்குன ஜான் ஹாபி 1986ல எழுதுன முறை அது.

பதில் 3:
டென்ஷன்ல, அதாவது வளைவோட இறுக்கத்தை மாத்துற எண்ணுல, ஏமாந்துடாதீங்க, நான் ஒரு சாயங்காலம் முழுக்க முழிச்சேன். டிக்ஸ் ஸ்மூத்ல டென்ஷன் ஏத்துனா உருண்டையாகும், டீஃபால்ட் 0.55. மெட்டாபோஸ்ட்ல தலைகீழ், ஏத்துனா கோடு விறைச்சு நேரா ஆகிடும். அப்புறம் இது அளந்து எடுத்த டேட்டாவா இருந்தா ஸ்மூத் பக்கமே போகாதீங்க, உங்க (1,2) கிட்டயே வளைவு 2க்கு மேல எட்டிப் பார்க்கலாம், இல்லாத உச்சத்தை காட்டலாம்.

கேட்டவர்:
டேட்டா இல்லங்க, சும்மா விளக்கப் படம்தான். (3.5,1.25) வச்சதும் முட்டி போச்சு, ஆனா கடைசில ஹாபிக்கே மாறிட்டேன், பன்னெண்டு வரி ஒரு வரியாச்சு. ரொம்ப நன்றி.