கருத்துக்கேட்புக் கூட்டம்: பங்கு சார்பில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கடலோரப்பங்கு:
எங்கள் கத்தோலிக்கப் பங்கின் எல்லையை ஒட்டி ரசாயன ஆலை ஒன்று வரப்போகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாளிதழில் அறிவிப்பு வந்துவிட்டது, இன்னும் 22 நாள்தான் இருக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கையெழுத்து வாங்கி, ஆயர் கடிதத்தோடு கொடுக்கலாம் என்று பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். இது போதுமா?

நெய்தல்வாசி:
போதாது. ஆயிரம் கையெழுத்து இருந்தாலும் வாசகம் ஒன்றுதான் என்றால், அதை ஒரே ஆட்சேபமாகத்தான் சுருக்குவார்கள். 'இறைவனின் படைப்பைக் காக்க வேண்டும்' என்று எழுதினால் அதற்கு நிறுவனம் பதில் சொல்ல எதுவுமில்லை. சுற்றுச்சூழல் பற்றிய திருத்தந்தை பிரான்சிஸின் 2015 சுற்றுமடல் மறையுரையில் இருக்கட்டும். மனுவில் வேண்டியது, நிறுவனத்தின் அறிக்கையில் எந்த இடம் தவறு என்று காட்டும் பக்க எண்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ ஆலையின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைக் கேளுங்கள். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும், முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலம். முதலில், அனுமதி கேட்டு நிறுவனம் கொடுக்கும் விண்ணப்பமான படிவம் 1இன் சூழல் உணர்திறன் பட்டியலைப் பாருங்கள். ஆலையிலிருந்து 15 கி.மீ.க்குள் என்னென்ன இருக்கின்றன என்று அதில் சொல்ல வேண்டும். 6ஆம் வரியில் யாத்திரைத் தலங்களுக்குப் போகும் வழி, 9இல் பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், 10இல் மீன்வளம் உள்ளிட்ட வளங்கள். உங்கள் கோயிலோ குருசடியோ (சிறு சிலுவைக் கோயில்) மீன் இறங்கும் கரையோ விடுபட்டிருந்தால் அதுதான் உங்கள் முதல் ஆட்சேபம்.

பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்கள் கையில் இருக்கும்போது கையெழுத்தோடு நிற்பது வீண். அன்பியத்துக்கு ஒரு தாள் கொடுங்கள்: வீடுகள், வள்ளங்கள், எந்த மாதம் எந்த வலை, குடிக்கிற கிணறுகள், அதில் உப்பேறியவை எத்தனை. ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அறிக்கையின் 3ஆம் அத்தியாயத்தில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு, ஆளுக்கு ஒரு பொருள் வீதம் தனித்தனி மனுவாகப் பிரித்து எழுதுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் முன்கூட்டியே வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம்.

பனங்காடன்:
மேலே சொன்னதோடு தேதியையும் பாருங்கள். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நாளிதழ் அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். குறைந்தால் அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

வெளிநடப்பு பற்றி யாராவது பேசினால் தடுத்துவிடுங்கள். இந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேராவது வர வேண்டும் என்ற கோரம் கிடையாது, பத்துப் பேர் இருந்தாலும் நடந்து முடிந்ததாகவே கணக்கு. கடைசியில் கூட்டத்தில் பேசியவற்றின் தொகுப்பைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்பது விதி. பேசிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறவர்களால்தான் பாதி ஆட்சேபம் காணாமல் போகிறது. விடுபட்டதை அந்த இடத்திலேயே எழுந்து சொல்ல நாலு பேர் உட்கார்ந்திருக்கட்டும்.

இன்னொன்று, பங்குத்தந்தை முதலில் பேச வேண்டாம். 'சர்ச் தூண்டுகிறது' என்ற ஒரு வரியில் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். பக்கத்து ஜமாஅத், ஊர்க்கோயில் கமிட்டி, மீனவர் சங்கம் எல்லாரும் அவரவர் லெட்டர்பேடில் கொடுக்கட்டும்.

கடலோரப்பங்கு:
நன்றி. செலவுக்கு மறைமாவட்டத் தொண்டு நிறுவனத்திடம் கேட்கலாமா?

பனங்காடன்:
வெளிநாட்டு நிதிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஜெராக்ஸ், வேன் வாடகை எதுவாக இருந்தாலும் உள்ளூர் வசூல், தனி ரசீதுப் புத்தகம். கூடங்குளம் அணுஉலைப் போராட்டத்தின்போது 2012இல் வெளிநாட்டு நிதிப் புகாரில் திருச்சபை சார்ந்த சில தொண்டு நிறுவனங்களின் கணக்குகள் முடங்கியதை மறக்க வேண்டாம்.

நெய்தல்வாசி:
இதைப் படிக்கிற குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு: கிள்ளியூர் வட்டத்தின் 1,144 எக்டேர் மணல் திட்டம் போன்ற அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கருத்துக்கேட்பிலிருந்தே விலக்கு அளித்துவிட்டது. அங்கே இந்த வழி பலிக்காது. கிராமசபைத் தீர்மானமும் நீதிமன்றமும்தான்.

உங்கள் ஆலைக்கு அனுமதி வந்துவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். அனுமதி விவரங்கள் வெளியாகும் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்க்க இளைஞர் இயக்கத்தில் ஒருவரைப் போட்டுவிடுங்கள்.