லிவ்அபோர்ட் – தங்குபடகு: திமிங்கலப் பயணத்துக்கான கலைச்சொற்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கடல்சார் சொற்பட்டியலில் ‘லிவ்அபோர்ட்’, அதாவது பயணிகள் பல நாள் கடலிலேயே தங்கி அங்கிருந்தே நீரில் இறங்கும் படகு, என்பதற்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை. வாழ்படகு, படகுவீடு, மிதக்கும் விடுதி என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. படகுவீடு என்றதும் ஆலப்புழைக் காயலும் கெட்டுவள்ளமும்தான் நினைவுக்கு வரும். மிதக்கும் விடுதி என்றால் உண்ணலாம், உறங்கலாம். அங்கிருந்து ஒருவர் கடலில் இறங்குவார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டு இறங்குகிறவர் படகில் ‘வாழ்வதும்’ இல்லை. திமிங்கலம் காணப் போகிறவர்களுக்கான கையேட்டில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருவதால் விரைவில் முடிவு தேவை.

காசிமேட்டிலிருந்து:

சொல் நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. விசைப்படகு அன்றன்றைக்குக் கரை திரும்பாமல் பல நாள் கடலில் கிடந்து தொழில் செய்தால் அது தங்குகடல். டீசல், தண்ணீர், அரிசி, ஐஸ் எல்லாவற்றையும் நாள் கணக்குப் பார்த்து ஏற்ற வேண்டும். ஒன்று குறைந்தாலும் பயணம் பாதியில் முடிந்துவிடும். லிவ்அபோர்ட்டின் அடிப்படையும் இதுதான். காலையில் போய் மாலையில் திரும்பும் படகு எட்ட முடியாத இடத்துக்குப் போய் அங்கேயே நிற்பதற்காகத்தான் அந்தப் படகே இருக்கிறது. குளிர்சாதன அறையும் நல்ல சாப்பாடும் அதற்குப் பிறகு வந்தவை.

திமிங்கலத்துக்குப் பேர்போன சில்வர் பேங்க் திட்டு டொமினிக்கன் குடியரசுக்கு வடக்கே இருக்கிறது. கரையிலிருந்து இரவெல்லாம் ஓடித்தான் சேர வேண்டும். சனவரி முதல் ஏப்ரல் வரை கூனல் திமிங்கலங்கள் இனப்பெருக்கத்துக்கு அங்கே கூடும். நீர்மட்டத்தைத் தொடுமளவுக்குப் பவளப்பாறைகள் எழுந்து நிற்பதால் பெரிய படகு வாரம் முழுக்கக் கட்டுமிதவையில் (படகைக் கட்டி நிறுத்தும் மிதவை) நின்றுவிடும். சிறு படகுகள்தான் சுற்றி வரும். கரைக்குத் தினமும் போய்வருகிற பேச்சே இல்லை.

ஆகவே படகுக்குத் தங்குபடகு, பயணத்துக்குத் தங்குகடல் பயணம். லாஞ்சில் வேலை செய்கிற எவரிடமும் சொல்லிப் பாருங்கள், விளக்கம் கேட்க மாட்டார். கலைச்சொல்லுக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டாம்.

திருவொற்றியூரிலிருந்து:

காசிமேட்டு அண்ணன் சொன்ன தங்குபடகை மனமார ஏற்கிறேன். ஆனால் கையேட்டில் ‘திமிங்கல முக்குளிப்புப் பயணம்’ என்று தலைப்பு இருக்கிறது. இதை அப்படியே விட்டால் வாசகர் தவறான கருவிகளோடும் தவறான எதிர்பார்ப்போடும் கிளம்புவார்.

சில்வர் பேங்கில் திமிங்கலத்துக்கு அருகே ஸ்கூபா, அதாவது காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவது, கிடையாது. முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், துடுப்புக்காலணி மட்டும்தான். பசிபிக் தீவு நாடான டோங்காவில் ஒரு நேரத்தில் வழிகாட்டியோடு நான்கு பேர்தான் இறங்கலாம், அங்கும் மூச்சுக்குழல்தான். காரணம் எளிது. உருளை கட்டியவர் மெல்லத்தான் மேலேற முடியும். திமிங்கலம் மேலே வந்து மூச்சு விட்டு நகர்ந்துவிடும். அதோடு சேர்ந்து ஏறியிறங்கினால் அழுத்தநீக்க நோய்தான் (வேகமாக மேலேறும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவது) மிஞ்சும். குமிழிகளின் ஓசை வேறு.

உறங்கும் தாய்த் திமிங்கலம் 15, 20 நிமிடம் கீழேயே கிடக்கும். கன்றுக்கு அவ்வளவு மூச்சுத் தாங்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வரும். அந்தக் கன்றுதான் மனிதரை வந்து பார்க்கும். அந்த நேரத்தில் காரியத்தைக் கெடுப்பது கால்கள். துடுப்புக்காலணி நீர்ப்பரப்பை அடித்துச் சத்தம் எழுப்பினால் தாய் எழுந்து கன்றைக் கூட்டிக்கொண்டு போய்விடும். குழு சிதறிச் சூழ்ந்துகொண்டாலும் அப்படியே. ஒட்டி நின்று, காலை ஆட்டாமல் மிதக்க வேண்டும். 3 மி.மீ. நீச்சலுடை போட்டால் உடம்பு தானாக மிதக்கும், எடைப்பட்டை தேவையில்லை.

ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸுக்கு வடக்கே ரிப்பன் பாறைத்தொடரில் சூன், சூலை மாதங்களில் குட்டை மிங்கி திமிங்கலங்கள் வரும். தங்குபடகு பின்புறமிருந்து நீண்ட கயிற்றை மிதக்கவிடும்; நீந்துகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பார்கள். யாரும் துரத்துவதில்லை, திமிங்கலம்தான் கிட்ட வருகிறது. கயிற்றை விட்டால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். திமிங்கலம் சுற்றிவரும்போது ஆளை எடுக்க இயந்திரத்தைக் கிளப்பவும் முடியாது. இந்தக் கயிற்றுக்குப் ‘பிடிகயிறு’ என்று முன்மொழிகிறேன்.

அதே பயணத்தில், அந்தப் பாறைத்தொடரிலுள்ள காட் ஹோல் போன்ற இடங்களில் ஸ்கூபாவும் நடக்கும். அதனால் இரண்டு செயலுக்கும் இரண்டு சொல் வேண்டும்: உருளையோடு இறங்குவது முக்குளிப்பு, மேலே மிதப்பது மூச்சுக்குழல் நீச்சல். முக்குளித்த அன்றே மூச்சை அடக்கி ஆழத்துக்குப் பாயக்கூடாது. உடம்பில் தங்கிய நைட்ரஜன் குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கி, நுரையீரலில் வடிகட்டப்படாமல் தமனிப் பக்கம் கடந்துவிடலாம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் இந்த எச்சரிக்கையை எழுதவே முடியாது.

தலைப்புக்கு ‘திமிங்கல எதிர்ப்படல்’ என்பது என் விருப்பம். திமிங்கலம் காணல் படகின் மேல்தளத்திலிருந்தே நடக்கும். சந்திப்பு என்றால் இருவரும் பேசி வைத்தது போல ஆகிவிடுகிறது.

எண்ணூரிலிருந்து:

நான் இயந்திரப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். தங்குபடகு என்று மட்டும் எழுதினால் போதாது, வரையறையும் சேர்க்க வேண்டும். உருளைகளில் காற்று நிரப்பும் இயந்திரமான காற்றழுத்தி இல்லாத படகு முக்குளிப்புத் தங்குபடகு ஆகாது. உருளையைத் தளத்தில் அதன் இடத்திலேயே வைத்து, குழாயை நீட்டி 200 பார் அழுத்தத்துக்கு நிரப்புவார்கள். காற்றை உள்ளிழுக்கும் வாய் இயந்திரப் புகைபோக்கியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கட்டி நிற்கும் படகில் காற்று திசை மாறினால் புகை அந்த வாய்க்குள் போகும்; உருளையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். அதற்கு மணமே கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்காமல் நிரப்பத் தொடங்குகிற படகில் ஏற வேண்டாம் என்று கையேட்டில் தெளிவாக எழுதுங்கள்.

செறிகாற்று, அதாவது ஆக்சிஜன் கூட்டிய நைட்ராக்ஸ், எடுத்தால் அவரவர் உருளையை அவரவரே அளவியால் சோதித்து ஒட்டுநாடாவில் ஆக்சிஜன் விழுக்காட்டையும் ஆழ வரம்பையும் எழுத வேண்டும். 32 விழுக்காட்டுக்கு, ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்ற கணக்கில், வரம்பு 33 மீட்டர்.

இன்னொன்று. 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு இரவில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிப் பார்க்கும் காவல் இல்லை. அவசர வழியும் படிக்கட்டும் மேலே ஒரே அறையில்தான் போய் முடிந்தன. ஆகவே ‘இராச்சுற்று’ என்ற சொல்லையும் பட்டியலில் ஏற்றுங்கள்: எல்லோரும் உறங்கும்போது ஒருவர் விழித்துத் தளம் தளமாகச் சுற்றுவது. படுக்கையறைக்கு இரண்டு வழி இருக்கிறதா, இரண்டும் வேறு வேறு இடத்தில் வெளிவருகின்றனவா என்று முதல் நாளே நடந்து பார்க்க வேண்டும். லித்தியம் மின்கலங்களை ஆள் இல்லாத இடத்தில் இரவெல்லாம் மின்னேற்ற விடக்கூடாது.

ராயபுரத்திலிருந்து:

தாய்ப்படகிலிருந்து ஆளை ஏற்றிப் போகும் டெண்டருக்குச் ‘சலங்கு’ வைக்கலாமே. சென்னைத் துறைமுகம் கட்டப்படும் முன் கப்பல்கள் தூரத்தில் நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தன. சலங்கு அந்த வகைப் படகின் பழைய பெயர். நம் கரையின் சொல் ஒன்று மறுபடி புழக்கத்துக்கு வரும்.

காசிமேட்டிலிருந்து:

ராயபுரத்து ஐயாவின் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சலங்கு கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடியது. இது தாய்ப்படகை விட்டுக் கிளம்பி, ஆளை நீரில் இறக்கி, திரும்ப எடுத்துக்கொண்டு தாய்ப்படகுக்கே வருகிறது. கரையைத் தொடுவதே இல்லை. மாலத்தீவில் முக்குளிப்புக் கருவிகளோடு கூடவே வரும் படகைத் தோணி என்றே சொல்கிறார்கள். நமக்கும் தெரிந்த சொல். ‘துணைத்தோணி’ என்று வைத்தால் வேலையும் விளங்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

தங்குபடகு, தங்குகடல் பயணம், பிடிகயிறு, இராச்சுற்று, துணைத்தோணி ஐந்தையும் ஏற்றிவிட்டேன். எண்ணூர்க்காரர் சொன்ன காற்றழுத்தி நிபந்தனையை மட்டும் சற்று மாற்றியிருக்கிறேன்: திமிங்கலத்துக்கு மட்டுமே போகும் படகில் காற்றழுத்தி தேவையில்லை என்பதால், ‘முக்குளிப்புத் தங்குபடகு’ என்ற உட்பதிவின் கீழ் அது வரும். சலங்கு வரலாற்றுச் சொற்கள் பகுதிக்குப் போகிறது. எதிர்ப்படல் பற்றி ஒரு தயக்கம் இருக்கிறது. வழிப்போக்கில் எதிரே வந்துவிட்டது என்ற பொருளும் அதில் உண்டு. ஆனால் இந்தப் பயணம் தேடிப் போவது. திருவொற்றியூர்க்காரர் பதில் எழுதும்வரை தலைப்பை அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன்.