தட்டுவடை செட் கடையில கியூஆர் அட்டைய கழட்ட சொல்றாங்க அம்மா, என்ன பண்றது?

அம்மாபேட்டை பையன்:
வணக்கம்ங்க. எங்கம்மா சேலம் அம்மாபேட்டையில பதினோரு வருஷமா தட்டுவடை செட் (ரெண்டு தட்டைக்கு நடுவுல சட்னி, பீட்ரூட்டு, கேரட்டு வச்சு குடுக்கறது) போடுறாங்க, தள்ளுவண்டி தான், சாயங்காலம் 4 மணில இருந்து 9 மணி வரை. செட்டு, நொறுக்கல் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 3,500 ரூபா ஓடும், ஆடி பண்டிகை வாரத்துல கொஞ்சம் கூட, ஞாயித்துக்கிழமை லீவு. நான் கருப்பூர் பக்கம் ஒரு கம்பெனில வேலை பாக்குறேன். மூணு வருஷம் முன்னாடி நான்தான் கியூஆர் அட்டை வாங்கி வண்டில ஒட்டுனேன், என் அக்கவுண்ட் தான் அதுல இருக்கு.

2025 ஜூலைல யுபிஐல வந்த பணத்த வச்சு பெங்களூர்ல சின்ன கடைக்காரங்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துச்சுல்ல, அப்ப எங்க சித்தி அங்கருந்து போன் பண்ணி அவங்க தெரு பேக்கரில "யுபிஐ கிடையாது, கேஷ் மட்டும்"னு எழுதி வச்சுட்டாங்கன்னு சொல்லிச்சு. அத அம்மா இன்னும் விடல. இப்ப பக்கத்து வண்டிக்காரர் வேற என்னமோ சொல்லி வச்சுருக்காரு, ரெண்டு வாரமா வீட்ல இதே சண்டை, அட்டைய கிழிச்சு போடுன்னு. வர்ற பத்து பசங்கள்ல ஏழு பேரு போன்ல தான் குடுக்கறாங்க, 30 ரூபா செட்டுக்கு 500 ரூபா நோட்ட நீட்டுனா சில்லறைக்கு எங்க போறது. நெஜமாவே நமக்கு வரி வருமா?

செவ்வாய்ப்பேட்டை கணக்குப்பிள்ளை:
ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன் தம்பி, கணக்கு போட்டே சொல்றேன். 3,500 பெருக்கல் மாசம் 26 நாள் பெருக்கல் 12, மொத்தம் 10 லட்சத்து 92 ஆயிரம். ஜிஎஸ்டி பதிவு எடுக்கணும்னா பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் தாண்டணும், ஓட்டல் மாதிரி சாப்பாடு போடுறது சேவை கணக்குல வரும், அதுக்கு 20 லட்சம். அம்மா பாதி தூரம் தான் வந்திருக்காங்க. வருமான வரி பாத்தா சின்ன வியாபாரிங்களுக்கு இருக்கற உத்தேச லாப முறைல போன்ல வந்த பணத்துக்கு 6 சதவீதம், கேஷுக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டிக்கலாம். மொத்தத்தையும் 8லயே போட்டாலும் லாபம் 88 ஆயிரம் கூட வரல. இதுக்கு யாரு வரி கேக்க போறா.

ஆனா ஒண்ணு. பணம் உன் அக்கவுண்ட்ல விழுதுன்னு சொன்ன பாரு, அதுதான் எனக்கு உறுத்துது. உன் சம்பளம் வர்ற அதே அக்கவுண்டா? வருஷம் ஏழு எட்டு லட்சம் முப்பது முப்பது ரூபாயா விழுந்தா அது யாரு வருமானம்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா நீ தான் பதில் சொல்லணும், அம்மா இல்ல.

கேஷ் தான் ராஜா:
சொல்றது ஈஸிங்க. கர்நாடகா ஹாவேரில காய்கறி விக்கிறவருக்கே 29 லட்சம் கட்டுன்னு நோட்டீஸ் வந்துச்சு, காய்கறிக்கு வரியே கெடையாது, அப்புறம் எதுக்கு அனுப்புனாங்க? வரி இல்லன்னு நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸா அலையறது யாரு, வண்டிய யாரு பாத்துக்கறது. கழட்டிருங்க.

செவ்வாய்ப்பேட்டை கணக்குப்பிள்ளை:
அவருக்கு நாலு வருஷத்துல 1 கோடியே 63 லட்சம் வந்திருந்துச்சுண்ணா, அதான் கம்ப்யூட்டர் புடிச்சுது. அலைய விட்டது தப்பு தான், நான் இல்லங்கல. கடைசில பழைய பாக்கிய வசூலிக்க மாட்டோம்னு கர்நாடகா முதலமைச்சரே சொல்லிட்டாரு. அம்மா தட்டுவடை வித்து கோடி வரட்டும், அப்ப நானே ஃப்ரீயா கணக்கு எழுதி தர்றேன்.

லூப் ரோடு பஜ்ஜி கடை:
ஏற்காட்டுல இருந்து. எங்களுக்கு வரி பயமெல்லாம் இல்ல, டவர் தான் பிரச்சனை, மழையும் பனியும் எறங்குச்சுன்னா போன் சுத்திக்கிட்டே இருக்கும், பஜ்ஜி ஆறிப்போயிரும். 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை யுபிஐ நாடு முழுக்க படுத்துச்சே ஞாபகம் இருக்கா, சீசன் டைம், அப்புறமா அனுப்பிடறேன்னு சொல்லிட்டு போனவங்கள்ல பாதி பேரு அனுப்பவே இல்ல. இன்னொருத்தன் போலி ஆப்ல பணம் போன மாதிரி பச்சை டிக் காட்டிட்டு போயிட்டான், எனக்கு வரலன்னு தெரியறப்ப அவன் இருபதாவது கொண்டை ஊசி வளைவையே தாண்டிருப்பான். அதனால ஸ்பீக்கர் பொட்டி கத்தாம பிளேட்ட குடுக்கறது இல்ல. அட்டைய மட்டும் எடுக்காதீங்க, டூரிஸ்ட் எவனும் கேஷ் கொண்டு வர்றதில்ல, உங்க ஊரு காலேஜ் பசங்களும் அப்படித்தான்.

குகை அக்கா:
எல்லாரும் வரி வரின்னு பேசுறீங்க, அம்மாகிட்ட ஒக்காந்து கேட்டீங்களா தம்பி? நானும் வீட்ல முறுக்கு போட்டு விக்கிறவ, அதனால சொல்றேன். ராத்திரி கடை முடிஞ்சு டப்பாவ தொறந்தா முன்னெல்லாம் 3,000 ரூபா இருக்கும், இப்ப ஆயிரம் கூட இருக்காது. விடிகாலைல மார்க்கெட்ல பீட்ரூட்டு கேரட்டு வாங்க, எண்ணெய் வாங்க, சீட்டு கட்ட காசு வேணும். பணம் உங்க போன்ல இருக்கு, நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. தான் சம்பாதிச்ச காச மகன்கிட்ட கேட்டு வாங்கணும். எங்க வீட்லயும் இதே கதை தான், வெளில சொல்றதுக்கு மட்டும் நோட்டீஸ் பயம்.

அம்மாபேட்டை பையன்:
அக்கா நீங்க சொன்னத படிச்சுட்டு நேத்து ராத்திரி வெங்காயம் உரிச்சுகிட்டே மெதுவா கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "வெயில்ல நின்னு நான் விக்கிறேன், உன் போனு தான் சிரிக்குது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிருச்சு. நான் மாசாமாசம் கேக்குறப்பல்லாம் குடுத்துட்டு தான் இருந்தேன், ஆனா கேக்க வச்சதே தப்புன்னு எனக்கு உறைக்கல.

அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை வர்ற அக்கவுண்ட் இருக்கு, ஏடிஎம் கார்டும் இருக்கு, பேங்க்ல குடுத்த நம்பர் மட்டும் பட்டன் போன்ல கெடக்குது. அந்த சிம்ம என் பழைய போன்ல போட்டு, அந்த அக்கவுண்ட்டுக்கே புது அட்டையும் தமிழ் பேசுற ஸ்பீக்கர் பொட்டியும் வாங்கலாம்னு இருக்கேன். இதுவரைக்கும் என்கிட்ட வந்தத என்ன பண்றதுன்னு கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு தனியா மெசேஜ் பண்றேன்.

செவ்வாய்க்கிழமை பேங்க்குக்கு கூட்டிட்டு போறேன். அதுவரைக்கும் அட்டை மேல கை தொடைக்கிற துணிய தொங்க விட்டிருக்காங்க, சில்லறை இல்லன்னு தலைய சொறியற பசங்களுக்கு மட்டும் தூக்கி காட்டுறாங்களாம்.