புதுப்பிப்பு: மெல்பர்ன் வீட்டு விற்பனையில் தாமத வட்டி கிடைத்தது

நாங்கள் மெல்பர்ன் வீட்டை விற்றபோது, வாங்குபவரின் வங்கி கடன் ஆவணங்களை உரிய நாளில் ஆயத்தம் செய்யாததால் செட்டில்மென்ட் (மீதிப் பணத்தைக் கொடுத்து வீட்டைக் கைமாற்றும் நாள்) தள்ளிப்போனது, அதற்கு அபராத வட்டி கோரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

காரணம் வங்கியே ஆனாலும், ஒப்பந்தப்படி தவணை தவறியவர் வாங்குபவர்தான் என்று எங்கள் கன்வேயன்சர் (சொத்து கைமாறும் சட்ட வேலைகளைக் கவனிப்பவர்) விளக்கினார். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் வழக்கமான விற்பனை ஒப்பந்தப் பொது நிபந்தனைகளின்படி, 1983ஆம் ஆண்டு அபராத வட்டி விகிதச் சட்டத்தின் கீழ் நிர்ணயிக்கப்பட்ட 10 விழுக்காட்டுடன் 2 விழுக்காடு சேர்த்து, ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு. முழு விலைக்கும் கணக்கிடுமாறு சிலர் சொல்லியிருந்தீர்கள். அது சரியன்று, முன்பணம் போக நிலுவையில் நின்ற 7,20,000 டாலருக்கு மட்டுமே வட்டி ஓடியது, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 237 டாலர். பதினான்கு நாள் எழுத்துமூல அறிவிப்பு ஒப்பந்தத்தை முறிப்பதற்குத்தான் தேவை, வட்டி கேட்பதற்கு அன்று.

வட்டியைத் தள்ளுபடி செய்யக் கேட்டு வாங்குபவர் தரப்பு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது (கேட்டுப் பார்ப்பதில் அவர்களுக்கு நட்டமில்லை), நாங்கள் இசையவில்லை. இறுதிக் கணக்கு அறிக்கையில் கவுன்சில் வரிக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் கீழே வட்டி தனி வரியாக வந்தது. வீட்டுச் சாமான்களை ஏற்றிய லாரிக்குக் கொடுத்த கூடுதல் வாடகையை இழப்பீடாகத் தனியே கோரி, ரசீதுடன் அனுப்பியிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.